1,095 பவுண்டு வம்சம்

ஆங்கில நாவல்களில் மூழ்கியவர்களிடமும், மாளிகையும் தோட்டமும் குதிரை வண்டியும் வரும் ஆங்கிலத் தொடர்களை விடிய விடியப் பார்ப்பவர்களிடமும் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. அங்கே பழைய நிலக்கிழார் குடும்பங்களில் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் பட்டம், என்றோ ஒரு மூதாதை நாட்டுக்கு உழைத்துப் பெற்றது. அது இரத்தத்தின் வழியே வருகிறது. இன்றைக்கு அதில் அதிகாரம் ஒன்றும் இல்லை என்பதால் யாருக்கும் கெடுதல் கிடையாது. பிரிட்டனிலும் இப்படி நம்புகிறவர்கள் ஏராளம். இதில் ஒன்றுகூட உண்மை இல்லை. அதிலும் 'யாருக்கும் கெடுதல் கிடையாது' என்ற பேச்சைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

'சர்' என்றதும் நமக்குப் பொன்னம்பலம் இராமநாதனோ பிட்டி தியாகராயரோ நினைவுக்கு வருவார்கள். அது நைட் பட்டம். பெற்றவரோடு அது முடிந்துவிடும். நான் சொல்வது பாரனெட் பட்டத்தை. பாரனெட்டின் பெயருக்கு முன்னாலும் 'சர்'தான். ஆனால் அவர் கண்ணை மூடியதும் அது அவருடைய மூத்த மகனிடம் போய்விடும். மகன் இல்லையென்றால், பட்டம் முதலில் வாங்கியவரின் ஆண் வழியில் மிஞ்சியிருக்கும் அடுத்த ஆணைத் தேடிப் போகும். பிரபுக்கள் சபையில் இதற்கு என்றைக்குமே நாற்காலி கிடையாது. அதனால்தான் 1999-இல் அந்தச் சபையிலிருந்து பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரை வெளியேற்றிய சட்டம் இவர்களைத் தொடவில்லை.

பட்டம் பிறந்த கதையைக் கணக்காகவே சொல்லலாம். 1611 மே மாதம் முதலாம் ஜேம்ஸ் மன்னர் இதைத் தொடங்கினார். அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் அங்கிருந்தவர்களின் நிலத்தைப் பறித்து, இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திக்கொண்டிருந்த காலம். அதற்குப் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும். கஜானா காலி. பட்டம் கேட்பவர் 30 சிப்பாய்களுக்கு மூன்று வருடம் சம்பளம் கட்ட வேண்டும் என்று விதித்தார். ஒரு சிப்பாய்க்கு நாளுக்கு 8 பென்ஸ். முப்பது பேருக்கு 240 பென்ஸ், அதாவது அன்றைய கணக்கில் சரியாக ஒரு பவுண்டு. மூன்று வருடத்துக்கு 1,095 நாள். ஆகவே 1,095 பவுண்டு, மூன்று தவணை. முதல் பட்டம் ரெட்கிரேவைச் சேர்ந்த நிக்கோலஸ் பேக்கனுக்குப் போனது. அல்ஸ்டரின் சிவப்புக் கையைக் குலச்சின்னத்தில் பொறித்துக்கொள்ளும் உரிமையும் பாரனெட்டுகளுக்குக் கிடைத்தது. பறிபோன நிலத்தின் அடையாளம் அது. அதைத்தான் பிறகு குடும்பப் பெருமையாகச் சுவரில் மாட்டினார்கள்.

வாங்குகிறவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு நில வருமானம் இருக்க வேண்டும், தகப்பன் வழித் தாத்தாவுக்குக் குலச்சின்னம் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் இருந்தன. 200 பேருக்கு மேல் தருவதில்லை என்று மன்னர் வாக்குக் கொடுத்தார். பணமுடை வந்தபோது விலை இறங்கியது, வாக்கும் நிற்கவில்லை. நாட்டுக்கு உழைத்துப் பெற்றதாம்! உழைத்தது நாளுக்கு எட்டுப் பென்ஸ் வாங்கிய சிப்பாய். அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அது பழங்கதை, பிற்காலத்தில் தகுதி பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்று ஒரு சமாதானம் வரும். லாயிட் ஜார்ஜ் பிரதமராக இருந்த 1916 முதல் 1922 வரையான ஆண்டுகளில் பட்டங்களுக்கு விலைப்பட்டியலே இருந்தது. மாண்டி கிரெகரி என்ற தரகர் லண்டனில் அலுவலகம் போட்டு உட்கார்ந்து பேரம் பேசினார். பாரனெட் பட்டத்துக்கு 30,000 பவுண்டும் அதற்கு மேலும் பேசப்பட்டது. நாறிப்போன பிறகு, 1925-இல் பட்ட விற்பனையைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1933-இல் தண்டனை பெற்றதும் இதே கிரெகரிதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பட்டங்கள் பறிக்கப்படவில்லை. பிள்ளைகளுக்கு அவை இறங்கின, பேரன்களுக்கும் இறங்கின. இரண்டு தலைமுறை கடந்ததும் அவற்றுக்கும் 'பழைய குடும்பம்' என்ற பெயர் வந்துவிட்டது.

இனி இரத்தத்துக்கு வருகிறேன். பர்க் என்பவர் 1826-இல் தொடங்கிய பட்டக் குடும்பங்களின் வம்சாவளிப் புத்தகத்தின் பழைய பதிப்பொன்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். தூக்க முடியாத கனம், எறும்பு வரிசை போல எழுத்து. ஒவ்வொரு குடும்பத்திலும் பிள்ளைகளின் பட்டியல் இருக்கிறது. முதலில் மகன்கள், 1, 2, 3 என்று எண் போட்டு. அவர்கள் முடிந்த பிறகு மகள்கள், மறுபடி 1-இலிருந்து. பிறந்த தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும், வீட்டிலேயே மூத்த குழந்தை ஒரு பெண், கடைக்குட்டித் தம்பிக்கும் கீழே அவள் பெயர் இருக்கிறது என்று. அந்தப் பக்கத்தை விட்டு என் கண் நகரவே இல்லை. அவளும் அதே தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தவள்தான். இரத்தம்தான் கணக்கு என்றால் அவள் எப்படிக் கீழே போனாள்?

ஜேன் ஆஸ்டின் தன் 'பெர்சுவேஷன்' நாவலில் சர் வால்டர் எலியட் என்ற பாரனெட்டைப் படைத்தார். மூன்று மகள்கள், மகன் இல்லை. பட்டமும் மாளிகையும் குடும்பத்தை மதிக்காத ஓர் உறவுக்காரனுக்குப் போகும் என்பது கதையின் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியும். இருநூறு வருடத்துக்கு முந்தைய கதை என்று புத்தகத்தை மூடிவிட முடியாது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஸ்காட்லாந்துப் பட்டங்கள் தவிர, இந்த விதி இன்றும் அப்படியே இருக்கிறது. 2013-இல் சட்டம் போட்டு, அரச சிம்மாசனத்துக்கு ஆண் பெண் பேதமின்றி மூத்த குழந்தையே வாரிசு என்றார்கள். அதே ஆண்டு பரம்பரைப் பட்டங்களுக்கும் இதைச் செய்யலாம் என்று கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. அரசியாவதற்குத் தடையில்லாத ஒரு பெண், தன் தகப்பனின் பாரனெட் பட்டத்துக்கு மட்டும் தகுதியற்றவள்.

கடைசியாக உருவான பாரனெட் பட்டத்தைப் பாருங்கள். 1964-க்குப் பிறகு கால் நூற்றாண்டு யாருக்கும் தரப்படாமல் இருந்தது. மார்கரெட் தாட்சர் பதவி விலகிய 1990-இல் அது அவருடைய கணவர் டெனிஸுக்கு அறிவிக்கப்பட்டது. பதினோரு வருடம் நாட்டை ஆண்டது மனைவி. தாட்சரின் அரசியலோடு எனக்கு உடன்பாடு இல்லை, இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த வீட்டில் இரட்டைக் குழந்தைகள்: மார்க், கரோல். ஒரே நாளில் பிறந்தவர்கள். 2003-இல் டெனிஸ் இறந்ததும் பட்டம் மார்க்கிடம் போனது. இருவரில் யார் முதலில் பிறந்தார் என்ற கேள்விக்கே அங்கு வேலையில்லை. உழைத்தது ஒரு பெண், வாங்கியது அவள் கணவன், கடைசியில் போய்ச் சேர்ந்தது மகனிடம். அதே கருப்பையில் கூடவே இருந்த மகள் அந்த வரிசையில் எங்குமே இல்லை.

பெண்கள் மட்டுமல்ல. பெற்றோர் கல்யாணம் செய்துகொள்ளும் முன்பே பிறந்துவிட்ட குழந்தை, பின்னால் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டால் முறையான வாரிசு என்று இங்கிலாந்துச் சட்டம் 1926-இல் ஏற்றுக்கொண்டது. பட்டத்துக்கு மட்டும் விலக்கு. தத்துப்பிள்ளை எல்லா வகையிலும் சொந்தப் பிள்ளைதான் என்கிறது 2002-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம். அங்கேயும் பட்டத்துக்கு விலக்கு. அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது: பட்டத்தோடு சேர்ந்தே இறங்க வேண்டும் என்று எழுதிவைத்த சொத்துக்கும் அந்த விலக்கு பொருந்தும். இதைத்தான் 'வெறும் அலங்காரம்' என்பவர்கள் கவனிப்பதில்லை. ஒரு குடும்பம் தன் நிலத்தையும் வீட்டையும் பட்டத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால், மகளும் தத்துப்பிள்ளையும் இழப்பது பெயருக்கு முன்னால் வரும் ஒரு சொல்லை மட்டுமல்ல. வளர்ந்த வீட்டின் சாவியையே இழக்கிறார்கள்.

இந்த இடத்தில் ராமநாதபுரத்தை நினைக்காமல் இருக்க என்னால் முடியாது. சேதுபதி ஜமீனின் விதவை ராணி தத்தெடுத்தது செல்லாது, ஜமீன் சர்க்காருக்கே சேரும் என்று மதுரைக் கலெக்டர் வழக்காடினார். வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கணவனின் அனுமதி இல்லாவிட்டாலும் சபிண்டர்களின், அதாவது கணவன் வழி நெருங்கிய உறவினரின், சம்மதம் இருந்தால் அந்தத் தத்து செல்லும் என்று 1868-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. நம் ஊரில் வயிற்றில் பிறக்காத பிள்ளையும் வம்சத்துக்கு உரியவன் என்று அந்த லண்டன் நீதிபதிகளுக்குப் புரிந்தது. அவர்கள் நாட்டில், அவர்கள் வர்க்கத்தில், இன்றுவரை அது புரியவில்லை.

அதே பிரிவி கவுன்சில் 2016-இல் இன்னொரு வழக்கைத் தீர்த்தது. ஸ்காட்லாந்தில் ஸ்டிச்சில் என்ற ஊரின் பிரிங்கிள் குடும்பத்துக்கு 1683-இல் இரண்டாம் சார்லஸ் கொடுத்த பாரனெட் பட்டம் பற்றியது. அதைக் கடைசியாக வைத்திருந்தவர் லெப்டினன்ட் ஜெனரல் சர் ஸ்டூவர்ட் பிரிங்கிள், ராயல் மரீன்ஸ் படையின் தலைமைத் தளபதி. 1981-இல் லண்டனில் அவர் வீட்டு வாசலில் காருக்கு அடியில் ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்து ஒரு காலை இழந்தவர். 2013-இல் இறந்தார். அவர் மகன் பட்டத்துக்கு உரிமை கோரினார். ஓர் ஒன்றுவிட்ட உறவினரும் கோரினார். குலத்தலைவர் யார் என்று பார்ப்பதற்காக ஸ்டூவர்ட் தாமே முன்பு கொடுத்திருந்த மரபணு மாதிரி, அவருடைய தகப்பன் 8-ஆவது பாரனெட்டின் மகனே அல்ல என்று காட்டியது. நூறு வருடத்துக்கும் முன்னால் ஒரு மனைவியின் வாழ்வில் நடந்ததை ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து எடை போட்டார்கள். பட்டம் உறவினருக்குப் போனது.

'பார்த்தீர்களா, இரத்தம்தான் வென்றது' என்று இந்தத் தீர்ப்பைக் காட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு இதில் வெற்றி எதுவும் தெரியவில்லை. ஆண் வழி இரத்தத்தில் மட்டுமே ஒரு மரியாதையைக் கட்டிவைத்தால், அந்தக் குடும்பத்துக்குள் வாழ்க்கைப்பட்டு வரும் ஒவ்வொரு பெண்ணும் இறந்த பிறகும் சந்தேகத்துக்கு உரியவளாகிறாள். ஒவ்வொரு பாட்டியின் கல்லறையையும் எந்த நூற்றாண்டிலும் தோண்டலாம். அரை நூற்றாண்டு பாரனெட்டாக வாழ்ந்த ஒருவர், செத்த பிறகு, ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை என்று ஆகிறார். அவரிடம் என்ன குறை? படையில் குறை இல்லை, துணிவில் குறை இல்லை. 1683-ஆம் ஆண்டின் ஒரு பத்திரத்தில் எழுதியிருக்கும் 'உடலில் பிறந்த ஆண் வாரிசு' என்ற சொற்களுக்கு அவர் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு இன்னொரு 'சர்'ரும் இருந்தது. கால் போனதற்கு அடுத்த ஆண்டு, 1982-இல், படைச் சேவைக்காக அவருக்கு நைட் பட்டம் கொடுத்தார்கள். அதைக் கேட்டு எந்த உறவினரும் வழக்குப் போடவில்லை. அவருடைய அப்பா யாருக்குப் பிறந்தார் என்று அதற்காக யாரும் கேட்கவும் இல்லை. சாகும் வரை அது அவருடையதாகவே இருந்தது, அவரோடே போயிற்று.