பனிமூட்டமும் அளவீடும்

சேர்வராயன் மலையிலே பாக்சைட் என்னும் தாது உண்டென்பதும், அது வெட்டப்பெற்று மேட்டூர் ஆலையில் அலுமினியமாகப் பிரித்தெடுக்கப்பட்டு வந்ததென்பதும் சேலத்தார் அறிந்ததே. அடுக்களைப் பாத்திரமாக நாம் அறிந்த அவ்வுலோகம், ஏறக்குறைய -272 டிகிரி சென்டிகிரேடு வரையில் குளிர்விக்கப்படின், தடையின்றி மின்சாரத்தைச் செலுத்தும் மீகடத்தியாக மாறுகின்றது. அதனைக் கொண்டே இன்று விஞ்ஞானிகள் பலர் இடவியல் குவாண்டம் நிலை என்பதைத் தேடி வருகின்றனர்.

இடவியல் என்பது யாது? ஒருவன் ஏற்காட்டு ஏரியைச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்தையே அடைகின்றான் என்க. கரையோரமாக நடப்பினும், காப்பித் தோட்டங்களினூடே வளைந்து செல்லினும், சுற்று ஒன்றே, ஒன்றரை ஆகாது. பாதையின் சிறு கோணல்களால் மாறாத இத்தகைய தன்மைகளை ஆராய்வதே இடவியல். அதுபோலவே, சிறு குலைவுகளால் அழியாத நிலையொன்று மெல்லிய மீகடத்திக் கம்பியின் இரு முனைகளிலும் தோன்றக்கூடுமெனக் கிட்டாயெவ் என்பார் 2001-இல் எழுதினார். அது கைகூடின், குவாண்டம் கணிப்பொறிகளின் பிழை குறைய வழி பிறக்கும்.

அந்நிலையைக் கண்டறிவது எங்ஙனம்? குறைகடத்திக் கம்பியின்மேல் அலுமினியத்தைப் படியச் செய்து, சந்தியின் வழியே செல்லும் மின்னோட்டத்தை அளக்கின்றனர். மின்னழுத்தம் பூஜ்யமாகுமிடத்தில் கடத்துதிறன் சிகரமென உயர்ந்து, குறித்த ஓர் அளவில் நிற்குமாயின், அஃது ஓர் அடையாளம். ஆயினும், கம்பியிலுள்ள மாசும் அத்தகைய சிகரத்தை எழுப்ப வல்லது. மலைச்சாலையின் பனிமூட்டத்தில் எதிரே தோன்றும் ஒளி வண்டியினதோ, வீட்டு விளக்கினதோ எனத் தெளியாதவாறு போன்றதே இது.

2018-இல் ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகர ஆராய்ச்சியாளர் அவ்வடையாளம் கிட்டியதென 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். முழு அளவீடுகளையும் கேட்டுப் பெற்ற பிராலோவ், மூரிக் என்னும் இருவர், வெளியிடாது விடப்பட்டவை அம்முடிவுக்கு இசையாமையை எடுத்துக்காட்டினர். 2021-இல் கட்டுரையாசிரியர்களே, போதிய கண்டிப்பின்றி எழுதியமைக்கு வருந்தி, அதனைத் திரும்பப் பெற்றனர். யாவரும் ஒப்பும் சான்று இன்னும் கிட்டவில்லை.

இதனை விஞ்ஞானத்தின் தோல்வியென்பார் உளர்; யாம் அங்ஙனம் கருதோம். அளவீடுகள் அழிக்கப்படாது பிறர் கைக்குச் சென்றமையாலன்றோ பிழை வெளிப்பட்டது! நம் நாட்டு ஆய்வுக்கூடங்களிலோ, கோட்டில் அமையாத புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டு, புத்தகத்து விடையையே ஏட்டில் எழுதும் வழக்கம் இல்லையெனக் கூற இயலுமோ? மதிப்பெண்ணும் அவ்விடைக்கே கிடைக்கின்றதாதலின், குற்றம் மாணவர்மேல் மட்டுமன்று. அமையாத புள்ளியையும் மறையாது குறித்து, அதன் காரணத்தை ஆராயும் மாணவனுக்கே மிகுதியான மதிப்பெண் அளித்தல் வேண்டுமென்பது எமது துணிபு. ஆசிரியப் பெருமக்கள் இதனைச் சிந்திப்பார்களாக.