கேஸ் தீர்ந்துபோவதில்லை: குளிரூட்டிக் கோளாறும் எகிறும் மின்கட்டணமும்

“கேஸ் குறைஞ்சிருச்சு, டாப்-அப் பண்ணணும்.” வீட்டுக் குளிரூட்டி சரியாகக் குளிரவில்லை என்று பழுதுபார்ப்பவரை அழைக்கும் பல குடும்பங்கள் கேட்கும் முதல் பதில் இதுதான். பணம் கொடுத்ததும் சில வாரங்கள் அறை குளிர்கிறது. பிறகு பழைய கதை திரும்புகிறது. மீண்டும் அழைப்பு, மீண்டும் கேஸ், மீண்டும் செலவு.

குளிரூட்டி இன்று வசதி படைத்தவர் வீட்டுப் பொருள் மட்டும் அல்ல. தோட்ட வீடுகளை விட்டு மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் தாமான் வரிசை வீடுகளுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களில், படுக்கையறைக்கு ஒன்றாவது மாட்டியிருப்பது சாதாரணக் காட்சி. இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்குபவர்களுக்கும், வயதான பெற்றோருக்கும், கைக்குழந்தைகளுக்கும் அது தேவையாகவே ஆகிவிட்டது. ஓரிடத்தில் தொடர்ந்து மூன்று நாள்கள் பகல்நேர உச்ச வெப்பம் 35 முதல் 37 பாகையைத் தொட்டால் வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுக்கிறது. அத்தகைய நாள்களில் குளிரூட்டி பழுதானால் குடும்பம் பதறிப்போய், வந்தவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறது.

600 யூனிட் என்ற எல்லைக்கோடு

இந்தப் பழுது இப்போது பழுதுபார்க்கும் செலவோடு நிற்பதில்லை. 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் புதிய மின்கட்டண முறை நடப்பில் உள்ளது. குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஊக்கக் கழிவு உண்டு. பயன்பாடு ஏற ஏற அந்தக் கழிவு படிப்படியாகச் சுருங்கி, 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமலே போகிறது. மாதம் 600 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் இல்லை. எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் மாறும் சரிக்கட்டலும் அவற்றைத் தொடாது. 600-ஐத் தாண்டினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். கூடுதல் யூனிட்டுகளுக்குச் சேவை வரியும் உண்டு.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 எச்பி சாதாரண ரகக் குளிரூட்டி, கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 800 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிலையில் உள்ள குளிரூட்டி அறையைக் குளிர்வித்ததும் கம்ப்ரசரை நிறுத்தி ஓய்வு கொடுக்கும். இரவு 8 மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓய்வு கிடைத்தால், மாதம் ஏறக்குறைய 128 யூனிட் ஆகும். தூசு அடைத்த குளிரூட்டியோ விடிய விடிய ஓடியும் குளிரைக் கொடுக்க முடியாமல் திணறுகிறது. அப்போது 192 யூனிட் ஆகிறது. வித்தியாசம் 64 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 44 சென் அடிப்படை விலையில் பார்த்தால், ஓர் அறைக்கு மட்டும் மாதம் 28 வெள்ளிக்கு மேல். 560 யூனிட்டில் நின்றிருக்க வேண்டிய வீடு 624-க்குப் போகிறது; எல்லைக்கோட்டைத் தாண்டிய செலவுகளும் தலையில் விழுகின்றன.

மின்கட்டணம் ஏறியதற்குக் கட்டண முறையை மட்டும் குறைகூறும் வீடுகள், ஆறு மாதமாகக் கழுவாத வடிகட்டியையும் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது.

கேஸ் எங்கே போகிறது?

சமையல் கேஸ் எரிந்து தீர்வது போலக் குளிரூட்டியின் கேஸும் தீர்ந்துபோகிறது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. அது தவறு. குளிரூட்டிக்குள் இருக்கும் கேஸ், மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அறையின் வெப்பத்தை உறிஞ்சி வெளியே கொண்டுபோய்விட்டு மீண்டும் உள்ளே வருகிறது. குழாயில் ஓட்டை இல்லாதவரை, பத்து ஆண்டுகள் ஆனாலும் அதன் அளவு குறையக் கூடாது.

ஆக, கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். கேஸ் குறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “எந்த இடத்தில் கசிகிறது?” குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தாலே பல கசிவுகள் குமிழியிட்டுக் காட்டிக்கொடுக்கும். உள் யூனிட்டும் வெளி யூனிட்டும் சேரும் நட்டுகளில்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேஸ் உண்மையிலேயே குறைவதும் உண்டு. ஆனால் குளிர் குறைவதற்கு அதைவிட எளிய காரணங்கள் பல இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டே கேஸுக்குப் போக வேண்டும்.

வீட்டாரே பார்க்கக்கூடியவை

முதலில் ரிமோட். ‘கூல்’ என்பதற்குப் பதிலாக ‘டிரை’ அல்லது ‘ஃபேன்’ அமுக்கப்பட்டிருந்தால் அறை குளிராது. பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். 16 பாகையில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. சாதாரண ரகக் கம்ப்ரசர் 16-இல் வைத்தாலும் 24-இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 16-இல் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

இரண்டாவது, வடிகட்டி. உள் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் வலை போன்ற இரண்டு தட்டுகள் இருக்கும். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினால் போதும். சாலையோர வீடுகளிலும் புகைமூட்டக் காலத்திலும் இன்னும் அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும்.

மூன்றாவது, வெளி யூனிட். வரிசை வீடுகளில் சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கூரை போடும்போது, வெளி யூனிட் கூரைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அடுக்குமாடிகளில் துணி காயும் இடத்தில் அது துணிகளுக்கு நடுவே நிற்கிறது. வெளியேற வேண்டிய சூடான காற்று திரும்பத் திரும்ப அதற்குள்ளேயே போனால், எவ்வளவு கேஸ் ஏற்றினாலும் அறை குளிராது.

தண்ணீர் சொட்டுவதும் பனி படிவதும்

உள் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டினால், பெரும்பாலும் வடிகால் குழாயில் பாசியும் தூசும் சேர்ந்து அடைத்திருக்கும். குளிரூட்டி ஓடும்போது வெளியே அந்தக் குழாயின் முனையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அடைப்பை உறிஞ்சி எடுத்தால் சரியாகிவிடும். இதற்கும் கேஸுக்கும் தொடர்பில்லை.

உள்ளே பனிக்கட்டி படிந்திருந்தால் காரணம் இரண்டில் ஒன்று: தூசு அடைத்துக் காற்றோட்டம் குறைந்திருக்கும், அல்லது கேஸ் கசிந்திருக்கும். பனியைக் கத்தியால் சுரண்டக் கூடாது. மெல்லிய செப்புக் குழாய் கிழிந்தால் இல்லாத கசிவும் உண்டாகிவிடும். ‘ஃபேன்’ மட்டும் ஓடவிட்டுப் பனியை உருகவிட வேண்டும். வடிகட்டியைக் கழுவிய பிறகும் பனி படிந்தால் ஆளை அழைக்கலாம்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

குளிரூட்டியைத் திறந்ததும் மெயின் சுவிட்ச் விழுந்துவிட்டால், ஒருமுறை தூக்கிப் பார்க்கலாம். மறுபடியும் விழுந்தால் அது எச்சரிக்கை. எங்கோ மின்கசிவோ குறுக்குமின்சுற்றோ இருக்கிறது. சுவிட்ச் விழாமலிருக்க அதைக் கட்டிவைப்பது, பெரிய அளவு பிரேக்கருக்கு மாற்றுவது போன்ற வேலைகள் உயிருக்கே உலை வைப்பவை. எரிசக்தி ஆணையத்திடம் பதிவுபெற்ற வயர்மேனை அழைப்பதே முறை.

வெளி யூனிட் ‘உம்’ என்று முனகிவிட்டு ஓடாமல் நின்றால், கெப்பாசிட்டர் என்ற சிறிய பாகம் பழுதாகியிருக்கலாம். முழுக் கம்ப்ரசரையும் மாற்றச் சொல்லும் முன் அதைச் சோதிக்கும்படி கேட்கலாம். ஆனால் இதை வீட்டார் தாமே தொடக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்னூட்டம் தங்கியிருக்கும், தொட்டவரைத் தூக்கியடிக்கும்.

இன்வெர்ட்டர் ரகங்களில் மின்பலகைதான் விலையுயர்ந்த பாகம். பல்லியும் எறும்பும் உள்ளே புகுந்து அதைக் கெடுத்துவிடுகின்றன. இடி மின்னலும் ஒரு காரணம். மழை இருட்டிக்கொண்டு வந்தால் ரிமோட்டில் நிறுத்துவது மட்டும் போதாது, சுவர்ச் சுவிட்சையும் அணைக்க வேண்டும்.

பழைய கேஸும் புதிய கேஸும்

கேஸ் ஏற்றுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பழைய குளிரூட்டிகளில் ஆர்22 இருந்தது. ஓசோன் படலத்தைப் பாதிப்பதால், 1987-இல் கையெழுத்தான மொன்ட்ரியால் உடன்பாட்டின் கீழ் அது உலகெங்கும் படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. அடுத்து ஆர்410ஏ வந்தது. இன்றைய புதிய வீட்டுக் குளிரூட்டிகளில் ஆர்32 அதிகம். இவற்றை ஒன்றுக்குப் பதில் ஒன்றாக ஏற்றக் கூடாது. ஆர்32 ஆர்22-ஐவிட மிக அதிக அழுத்தத்தில் இயங்குகிறது. ஓரளவு தீப்பற்றும் தன்மையும் உடையது. ஆர்22-க்காகச் செய்த பழைய யூனிட்டில் அதை ஏற்றுவது கம்ப்ரசரைக் கெடுக்கும், விபத்துக்கும் வழிவகுக்கும்.

எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது வெளி யூனிட்டில் ஒட்டிய தாளிலேயே இருக்கும். கசிவை அடைத்தபின் வெற்றிடப் பம்பால் குழாயைக் காலியாக்கி, தராசில் எடைபோட்டு அந்த அளவை ஏற்றுவதே சரியான வேலை. மீட்டரை மாட்டிக் காதால் கேட்டு ‘போதும்’ என்று நிறுத்துவது ஊகம்தான்.

ரசீது இருந்தால் உரிமை உண்டு

நார்மல் சர்வீஸ், கெமிக்கல் சர்வீஸ் என்று இரண்டு வகை விலை சொல்வார்கள். முதலாவதில் வடிகட்டி, விசிறி, வடிகால் குழாய் ஆகியவற்றைக் கழுவுவார்கள். இரண்டாவதில் ரசாயனம் போட்டு உட்சுருளையும் சுத்தம் செய்வார்கள். ஒழுங்காகக் கழுவிப் பராமரிக்கும் வீட்டுக்கு ஒவ்வொரு முறையும் கெமிக்கல் தேவைப்படாது. துர்நாற்றம், பூஞ்சை, நார்மல் சர்வீசுக்குப் பிறகும் குறையாத அடைப்பு ஆகியவை இருந்தால்தான் அது தேவை.

வேலை தொடங்கும் முன் விலையைக் கேட்டு எழுதி வாங்குவதும், முடிந்தபின் ரசீது வாங்குவதும் நம்மில் பலரிடம் இல்லாத பழக்கம். ‘தெரிஞ்ச தம்பிதானே’ என்று ரொக்கமாகக் கொடுத்துவிடுகிறோம். வேலை சொதப்பினால் கையில் ஆதாரம் இருப்பதில்லை. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பணம் வாங்கிச் செய்யும் சேவை நியாயமான திறனோடும் கவனத்தோடும் இருக்க வேண்டும் என்கிறது. அப்படி இல்லையென்றால், ‘திரிபூனல் துந்துத்தான் பெங்குனா’ எனப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் பதிந்தால் போதும்.

அந்த ரசீதில் ‘சர்வீஸ்’ என்ற ஒரே சொல் போதாது. தேதி, ஏற்றிய கேஸின் பெயர், அதன் அளவு, கசிவு கண்ட இடம், மாற்றிய பாகம், உத்தரவாதக் காலம் ஆகியவை இருக்க வேண்டும். நேர்மையாக வேலை செய்பவர் இதை எழுதித் தரத் தயங்கமாட்டார். தயங்குகிறவரிடம் குளிரூட்டியை ஒப்படைப்பதா என்பதை வீட்டார் முடிவு செய்துகொள்ளலாம்.