வெற்றிடம் இருக்கு, வேலை இல்லை

'கம்பஸ் வெற்றிடம்' எண்டு வட்ஸ்அப்பில் வந்தால் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை பகிர்கிறோம். திறந்து பார்த்தால் தற்காலிக விரிவுரையாளர், ஆய்வு உதவியாளர், எல்லாம் ஒப்பந்தம்.

2012இல் விரிவுரையாளர்கள் மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டார்கள். இன்னும் கிடைக்கேல்ல. 2022 நெருக்கடியில் பலர் வெளிநாடு போனார்கள். அந்த இடங்களுக்கு நேற்றுப் பட்டம் எடுத்த பிள்ளையைத் தற்காலிகமாக நிறுத்துவது சிக்கனமாம். சிக்கனம் இல்லை, சுரண்டல். நட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கும்தான்.

'மூளைசாலிகள் வெளியேறுகினம்' எண்டு புலம்புறவைக்கு ஒரு கேள்வி: அடுத்த வருசம் சம்பளம் வருமா எண்டு தெரியாமல், வெள்ளவத்தையில் அறை வாடகை கட்டி, ஆர் ஆய்வு செய்யிறது?

நிரந்தர நியமனம் தாங்கோ. பிறகு நாங்கள் போறமா எண்டு பாருங்கோ.