மரம் வெட்டக் கூலி பேசும் முன்



மாரிக்கு முன் கூரைப் பக்கம் சாய்ந்து நின்ற தென்னையை வெட்ட இருவரிடம் விலை கேட்டேன். ஒருவர் 25,000 ரூபாய் என்றார், மற்றவர் 14,000. குறைந்ததையே பிடித்தேன்.

மரத்தில் ஏற வந்தவன் என்னிடம் ஒன்பதாம் ஆண்டில் படித்த பிள்ளை. இடுப்பில் கயிறில்லை. "பழக்கம்தான் சேர்" என்றான். வெட்டிய துண்டொன்று பக்கத்து வீட்டுக் கூரைச் சீட்டை உடைத்தது. அடிக்கட்டையை அப்படியே விட்டுவிட்டு, "அது பேசவில்லையே" என்றார் கொந்தராத்துக்காரர். உண்மைதான், நான் பேசவில்லை.

சீட்டுக்கும் கட்டை தோண்டவும் கொடுத்ததில் மிச்சமெல்லாம் போய்விட்டது. போகட்டும். அந்தப் பிள்ளை விழுந்திருந்தால் அவன் உம்மாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

கூலியைக் குறைக்கப் பேசாதீர்கள், வேலையை முழுதாகப் பேசுங்கள். கயிறு இருக்கிறதா, சேதத்துக்கு யார் பொறுப்பு, கட்டையை எடுப்பது யார் என்று தாளில் எழுதுங்கள். வேலை முடிந்ததும் பணத்தை இழுத்தடிக்காமல் கொடுங்கள். கரண்ட் வயர் பக்கத்தில் என்றால் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு முதலில் சொல்லுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை வெட்ட அனுமதி வேண்டும் என்று 1951இலேயே சட்டம் வந்துவிட்டது. எந்த மரமானாலும் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

தென்னங்கட்டையை உக்க விடாதீர்கள். அதில் பெருகும் காண்டாமிருக வண்டு அயல் வளவுத் தென்னைகளின் குருத்தையும் துளைக்கும்.

அடுத்த மரத்துக்குக் கயிறோடு வரச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் சேர்த்தே கூலி.