பூச்சியின் ஜாதியறிந்து மருந்திடுக

மரவள்ளிச் செடியில் வெண்மாப் படிந்திருப்பதைக் கண்டவுடன், "மாவுப்பூச்சி" என்று ஒரே பெயரிட்டுக் கைக்குக் கிடைத்த மருந்தைத் தெளிப்பது குடியானவர்களிடையே வழக்கமாயிருக்கிறது. இவ்வழக்கம் பணத்துக்கும் பயிருக்கும் ஒருங்கே கேடு விளைவிப்பதாகும்.

மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சிகள் பல ஜாதியின. பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சள் நிறமுடையது. ஸ்பிரிட்டில் இட்டால் கருநீலமாகும். வரி மாவுப்பூச்சியின் முதுகில் இரு கருங்கோடுகளும் வாலில் நீண்ட இரு வெள்ளிழைகளும் காணப்படும். மரவள்ளி மாவுப்பூச்சியோ இளஞ்சிவப்பு நிறத்தது. அது தாக்கிய செடியில் கணுவிடை குறுகி, நுனியிலைகள் சுருண்டு கொத்தாகத் திரளும். ஆணின்றியே பெருகும் இனமாதலால், ஒன்று தப்பினும் கூட்டம் மீண்டும் தோன்றும்.

இவ்வேறுபாடு ஏட்டுக்கு மட்டும் உரியதன்று. 2008-ல் கோயமுத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை, 2010-ல் போர்ட்டோரிக்கோவினின்று தருவிக்கப்பட்ட மூவகைச் சிறு குளவிகள் அடக்கின. 2020-ல் கேரளத்தில் தோன்றிச் சேலம் பக்கம் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சிக்கு அக்குளவிகள் உதவா. அதற்குரிய அனகைரஸ் லோபசி என்னும் குளவி பெனின் நாட்டினின்று வரவழைக்கப்பட்டு, 2022-ல் சேலம் ஜில்லாவில் விடப்பட்டது.

ஜாதி பிறழ்ந்தால் நேரும் நஷ்டத்துக்கு ஆப்பிரிக்காவே சாட்சி. அங்கு 1970-களில் மரவள்ளியை அழித்த இப்பூச்சியைத் தென்னமெரிக்காவில் தேடியவர்கள், முதலில் அதன் உடன்பிறப்புப் போன்ற வேறொரு ஜாதியையே கண்டனர். அதன்மீது வாழ்ந்த ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியின்மேல் பெருகவில்லை. பராகுவேயில் உண்மைப் பூச்சி அகப்பட்ட பின்னரே தக்க குளவி கிடைத்தது. அது 1981-ல் நைஜீரியாவில் விடப்பட்டது.

"ஆராய்ந்துகொண்டிருந்தால் பயிர் போய்விடுமே" என்பர் சிலர். அவ்வாறன்று. தாக்குண்ட நுனிகளை உடனே கிள்ளி எரித்தால் பரவுதல் குறையும். அதற்குள் ஜாதியும் விளங்கிவிடும். ஆராயாது கடுமருந்து தெளித்தாலோ, மெழுகுப் பூச்சுக்குள் பூச்சி பிழைக்க, காக்கும் குளவியே மடியும்.

ஆகவே நிலச்சுவான்தார் ஒவ்வொருவரும் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி வைத்திருத்தல் நன்று. ஐயம் எழுந்தால், பூச்சியுள்ள நுனியைக் குப்பியிலடைத்து விவசாய இலாகாவுக்குக் காட்டுக. பூச்சி கண்ட வயலின் நடவுக் குச்சிகள் அயலூருக்குச் செல்லாதபடி கிராம உத்தியோகஸ்தர்கள் குடிகளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். ஒருவர் வயலில் நேரும் பிழை ஊரார் அனைவரையும் சாருமன்றோ!