தோற்றும் நாடு பெற்ற டேவிட்

இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி 1135 டிசம்பரில் காலமானதும், அவருடைய மகள் மட்டில்டாவை அரசியாக ஏற்பதாகச் சத்தியம் செய்திருந்த பிரபுக்கள் பலர், மூன்றே வாரங்களில் முடிசூடிக்கொண்ட அவருடைய சகோதரி மகன் ஸ்டீபனின் பக்கம் சாய்ந்துவிட்டனர். அதே சத்தியத்தை 1127இல் செய்திருந்த ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் டேவிட், படையுடன் எல்லை கடந்து கார்லைல், நியூகாசில் முதலிய கோட்டைகளைக் கைப்பற்றினார். அவர் மட்டில்டாவின் தாய்மாமன் என்பது உண்மையே. ஆயினும் ஸ்டீபனின் மனைவியும் (அவர் பெயரும் மட்டில்டாதான்) டேவிட்டின் மற்றொரு சகோதரியின் மகள் என்பதால், உறவைக் கொண்டு மட்டும் இப்படையெடுப்பை விளக்கிவிட முடியாது. தம் மனைவி வழியில் மகன் ஹென்றிக்கு உரியதெனக் கருதிய நார்தம்பர்லாந்தின் மீது டேவிட்டுக்கு நெடுநாளாகவே கண் இருந்தது. சத்தியம் அதற்கு நல்லதொரு நியாயமாக அமைந்தது.

1138 ஆகஸ்ட் 22 அன்று நார்தலர்ட்டன் அருகே நடந்த போர் 'கொடிப் போர்' எனப் பெயர் பெற்றது. யார்க் பேராயர் தர்ஸ்டனின் அழைப்பில் திரண்ட ஆங்கிலேயர், வண்டியொன்றில் கப்பலின் பாய்மரம் போன்ற கம்பத்தை நாட்டி, அதில் வட இங்கிலாந்துத் திருத்தலங்களின் புனிதர் கொடிகளைக் கட்டியிருந்தனர். கவசமணிந்த வீரரையும் வில்லாளரையும் முன்நிறுத்த டேவிட் எண்ணியிருக்க, முன்னணியில் நிற்பது தம் உரிமை என அடம்பிடித்த காலோவே நாட்டார் கவசமின்றிப் பாய்ந்து, அம்பு மழையில் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். டேவிட்டிடம் ஆனன்டேல் நிலத்தைப் பெற்றிருந்த ராபர்ட் டி புரூஸ், போரைத் தவிர்க்குமாறு வேண்டிப் பார்த்து, அது பலிக்காமற்போகவே அவருக்கான விசுவாசத்தைத் துறந்து எதிரணியில் நின்றார். எல்லையின் இருபுறமும் நிலம் வைத்திருந்தவர்களுக்கு இத்தகைய சங்கடம் புதிதன்று.

தோற்றவருக்குத்தான் ஆதாயம் கிடைத்தது. தெற்கில் பெருகிய கலகத்தால் நெருக்கடிக்குள்ளான ஸ்டீபன், 1139 ஏப்ரலில் டர்ஹாம் உடன்படிக்கையின் வாயிலாக, நியூகாசில், பாம்பரோ கோட்டைகள் நீங்கலாக நார்தம்பர்லாந்துப் பிரபுப் பட்டத்தை டேவிட்டின் மகனுக்கு அளித்தார். பேச்சுவார்த்தையில் முன்னின்றவர் ஸ்டீபனின் மனைவியான அந்த மருமகளே. கார்லைல் பகுதியின் வெள்ளிச் சுரங்கங்களால் டேவிட் தம் பெயரில் நாணயமும் அடித்தார். 1141இல் மட்டில்டாவுக்குத் துணையாகத் தெற்கே சென்றவர், வின்செஸ்டரில் நேர்ந்த தோல்வியில் சிறைப்படாமல் தப்பியதே அரிது. 1149இல் மட்டில்டாவின் மகன் ஹென்றிக்குக் கார்லைலில் வீரப்பட்டம் சூட்டி, வடபகுதியைத் தம் மரபினரிடமிருந்து பறிப்பதில்லை என்ற உறுதியையும் பெற்றார். டேவிட் 1153இல் இறந்தார். மறு ஆண்டே இரண்டாம் ஹென்றியாக அரியணை ஏறிய அதே இளைஞர், 1157இல் டேவிட்டின் பேரன் நான்காம் மால்கமிடமிருந்து கார்லைலையும் நார்தம்பர்லாந்தையும் திரும்ப வாங்கிக்கொண்டார்.