மூன்று தலைமுறையின் பெயரும் வயதும்

அமாவாசையன்று தர்ப்பணம் செய்யும் இல்லறத்தார், தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என மூன்று தலைமுறையினரின் பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கின்றனர். கோத்திரம் நினைவில் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. அவர்கள் எந்த வயதில், எந்த நோயால் மறைந்தனர் என்று கேட்டால் பல இல்லங்களில் விடையில்லை. "மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் அறிந்தவர்கள் வீட்டிலுள்ள முதியோர் மட்டுமே. தந்தைக்கோ சகோதரருக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால், அதைப் பரம்பரை அபாயமாக மருத்துவர்கள் கணக்கில் கொள்கின்றனர். ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய குடும்பச் செய்திகளில் இதுவும் ஒன்று.

பரம்பரை என்றதும் தலைவிதி என்று கைவிடுவோர் உண்டு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு 55,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தது. மரபணு வழியே மிகுந்த அபாயம் உடையோரிலும், புகையை விலக்கி, பருமனைத் தவிர்த்து, நல்லுணவு உண்டு, உடற்பயிற்சியும் செய்துவந்தோருக்கு, அவ்வாறு வாழாதோரைவிட அபாயம் 46 சதவீதம் குறைந்திருந்தது.

ராயபுரத்தாருக்கும் திருவொற்றியூராருக்கும் இன்னும் நெருக்கமானது ஒரு துறைமுக ஆய்வு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 6,351 துறைமுகத் தொழிலாளரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ரால்ஃப் பாஃபன்பார்கர் என்னும் மருத்துவர் 1975-இல் முடிவை வெளியிட்டார். கடும் உழைப்பாளரிடையே இதய நோய் மரணம், இலேசான வேலை செய்தோரிடையே இருந்ததில் பாதியைச் சற்றே தாண்டியது. தம் குடும்பத்திலும் இதய நோய் கண்ட அவர், 45 வயதளவில் ஓடத் தொடங்கி 84 வயது வரை வாழ்ந்தார்.

சென்னைத் துறைமுகத்திலும் முன்பு மூட்டைகள் தோளில் ஏறின. 1983-இல் கன்டெய்னர் முனையம் வந்தது, பாரந்தூக்கிகள் பெருகின. சுமந்தவரின் பிள்ளைகள் இன்று நாற்காலியிலும் லாரி இருக்கையிலும் அமர்ந்திருக்கின்றனர். உழைப்பு போயிற்று, சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை.

ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே வந்து வடிவுடையம்மனைத் தொழுதவர் வள்ளலார். இன்று எண்ணூர் நெடுஞ்சாலையின் லாரிப் புகையினூடே அவ்வாறு நடக்கச் சொல்வது தகாது. மாசுற்ற காற்றும் இதயத்துக்குப் பகையே. மார்கழி விடியலில் புகையும் பனியும் தரையோடு படிந்திருக்கும் நாள்களில், வெயில் ஏறியபின் நடப்பதே நன்று. தியாகராஜ சுவாமி திருக்கோயிலின் விரிந்த பிராகாரம் அதற்கு ஏற்ற இடம். நண்பகலில் கல் சுடும். நீர் சிந்திய இடத்தில் கால் வழுக்கும்.

ஆயினும் மெல்ல அடிவைத்து வலம்வருவதே போதுமான பயிற்சி என்று எண்ணுதல் கூடாது. பிரதட்சிணம் இறைவனுக்கு உரியது. அதன் நிதானம் அதற்கு அழகு. இதயத்துக்கென வேறாகச் சற்று விரைந்து நடத்தல் வேண்டும். உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பதிகம் பாட மூச்சு இடங்கொடாது. அதுவே சரியான வேகம். வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள்கள் அரைமணி. முதல் வாரத்தில் பத்து நிமிடமே போதும். முன்பே இதய நோய் உற்றவர்களும், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்கவேண்டும். விரத நாளில் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது பக்தியில் சேராது.

நடக்கையில் மார்பில் இறுக்கமோ, தாடையிலும் இடக்கையிலும் வலியோ, காரணமற்ற வியர்வையோ, மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே அமரவேண்டும். சர்க்கரை நோயாளருக்கு வலியே தோன்றாமலும் மாரடைப்பு நேரலாம். வாயுத் தொல்லை என்று ஓமநீர் அருந்திக் காத்திராமல் 108-ஐ அழைக்கவேண்டும். வடசென்னையாருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை தொலைவில் இல்லை.